பின் சீட்டில் தேங்கிய தண்ணீர்: ஒரு மொரிஸ் மைனருக்குப் பீடிங் மாற்றிய நிகழ்வு ஆய்வு

ஆடி மாதத்து அடைமழையில் ஒரு மாலை, தலவாக்கலைப் பக்கமிருந்து ஒரு பச்சை மொரிஸ் மைனர் ஹட்டனில் உள்ள என் கராஜுக்கு வந்தது. ஓட்டி வந்தவர் தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சர். இறங்கியதும் பின் கதவைத் திறந்து, சீட்டுக்குக் கீழிருந்து ஒரு பிளாஸ்டிக் கோப்பையையும் ஈரத் துணியையும் எடுத்துக் காட்டினார்.

"தம்பி, மழை நாள்ல அம்மாவக் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனா, வழியில ரெண்டு தடவ நிறுத்தித் தண்ணி எறைக்கணும். அம்மா கால ரெண்டையும் சீட்டு மேல தூக்கி வச்சிக்கிட்டுத்தான் வருவாங்க."

அம்மாவுக்கு எண்பது கடந்துவிட்டது. அந்த வண்டியைத் தவிர வேறு வண்டியில் ஏற மாட்டாராம். வண்டி 1961ஆம் ஆண்டுடையது, நான்கு கதவு, 948 சிசி இன்ஜின். தோட்டங்கள் 1975இல் அரசுடைமையான சமயத்தில் ஊருக்குப் போன ஒரு துரையிடம் டீச்சரின் அப்பா வாங்கியது. அப்பா அந்தத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவர். வீட்டில் அந்த வண்டிக்கு என்ன இடம் என்று இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்ஜின் நன்றாக இருந்தது. பிரேக்கும் பிடித்தது. உள்ளே தலையை விட்டால் மட்டும் பூசண வாடை மூக்கில் அடித்தது. கார்ப்பெட்டைக் கையால் அழுத்தினால் விரல் இடுக்கில் தண்ணீர் ஏறி வந்தது. எங்களிடம் வருவதற்கு முன் இரண்டு கராஜ்களில் இதே குறைக்கு வேலை செய்திருந்தார்கள். முதல் இடத்தில் பின் கதவு இரண்டுக்கும் புதுப் பீடிங், அதாவது விளிம்பைச் சுற்றித் தண்ணீரை அடைக்கும் ரப்பர்ப் பட்டி, போட்டார்கள். தண்ணீர் நிற்கவில்லை. அடுத்த இடத்தில் முன் கண்ணாடி, பின் கண்ணாடி, ஷட்டர் என்கிற ஏற்றி இறக்கும் கதவுக் கண்ணாடியின் ஓரம் என்று கண்ட இடமெல்லாம் சிலிக்கோனை அப்பிவிட்டார்கள். அதற்கும் நிற்கவில்லை. இன்னும் கூடியது என்றார் டீச்சர். ஏன் கூடியது என்பது ஒரு கிழமைக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது.

தண்ணீர் தெரிந்த இடமும் நுழைந்த இடமும்

ஒழுகும் வண்டி வந்தவுடன் ரப்பர் வாங்க ஓடக் கூடாது என்பது என் கராஜில் சட்டம். முதலில் வண்டியைக் காயவைக்க வேண்டும். சீட்டுகளைக் கழற்றினோம். கார்ப்பெட்டையும் அதற்குக் கீழே கிடந்த சணல் விரிப்பையும் எடுத்து வெளியே போட்டோம். அந்தச் சணல் விரிப்பு மட்டும் இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய கனம். சணல் ஒரு திரி மாதிரி. ஒரு மூலையில் நனைந்தால் மறு மூலை வரை தானாகவே ஈரத்தை இழுத்துக்கொண்டு போகும். அது உள்ளே கிடக்கும்வரை தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எவராலும் சொல்ல முடியாது.

தரைத் தகட்டைத் துடைத்து, இரண்டு நாள் பல்ப் போட்டுக் காயவைத்தோம். அப்புறம் முகத்துக்குப் பூசும் பவுடரைத் தரை முழுக்க மெல்லிசாகத் தூவினோம். தண்ணீர் ஒரு சொட்டு ஓடினாலும் பவுடரில் கோடு விழுந்துவிடும்.

தண்ணீர்க் குழாயைப் பிடிக்கும்போது கீழிருந்துதான் மேலே போக வேண்டும். எடுத்தவுடன் கூரையில் பிடித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து எந்தப் பீடிங் குற்றவாளி என்றே தெரியாது. குழாய் வாயில் விரலை வைத்துப் பீய்ச்சவும் கூடாது. மழை அப்படிப் பெய்வதில்லை. வாயைத் திறந்துவிட்டு, தண்ணீரை வழியவிட வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டோம். என் மகன் டோர்ச் லைட்டோடு உள்ளே படுத்துக்கொண்டான்.

கதவுகளின் அடிப்பகுதி, ஒன்றுமில்லை. பின் கதவு முழுக்க, ஒன்றுமில்லை. முன் கதவு இரண்டிலும் மேல் மூலையில் கொஞ்சம் கசிவு. முன் கண்ணாடியின் வலது கீழ் மூலைக்கு வந்ததும் மகன் உள்ளேயிருந்து கத்தினான். "அப்பா, டேஷ்போர்டுக்குப் பின்னால இருந்து கொட்டுது!" பத்து நிமிடத்தில் இரண்டு கோப்பைத் தண்ணீர் சேர்ந்தது. பவுடரில் விழுந்த கோடு டேஷ்போர்டின் வலது மூலைக்குக் கீழே தொடங்கி, ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் நின்றது.

ஆனால் டீச்சர் சொன்னது பின் சீட்டுத் தண்ணீர். அங்கே ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை. இங்கேதான் கொஞ்ச நேரம் குழம்பி நின்றேன். வீட்டில் வண்டியை எப்படி நிறுத்துவீர்கள் என்று டீச்சருக்குப் போன் எடுத்துக் கேட்டேன்.

"ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஏத்தம் தம்பி. அப்படியே மேல பார்த்து ஏத்தி நிறுத்திட்டு, பின் டயருக்கு ரெண்டு கல்லு வச்சிருவேன்."

மலைநாட்டில் தட்டையான நிலம் எங்கே இருக்கிறது? வீட்டு முற்றமும் சாய்வு, பாடசாலை வாசலும் சாய்வு, கோயில் முன்னும் சாய்வு. என் கராஜின் தரை மட்டம்தான் அந்த வண்டிக்குப் பழக்கமில்லாத நிலை. உடனே வண்டியை வெளியே தள்ளி, கராஜுக்கு ஏறும் வழியில் மூக்கு மேலே பார்க்கும்படி நிறுத்தி, மறுபடி பவுடர் தூவி, அதே மூலையில் தண்ணீர் பிடித்தோம். இந்த முறை கோடு ஓட்டுநர் காலடியில் நிற்கவில்லை. கதவுப் படியின் உட்புற ஓரமாகவே பாம்பு மாதிரி நெளிந்து பின்னால் போய், பின் சீட்டுக்கு முன்னால் குட்டையாகத் தேங்கியது.

முதல் கராஜ் பின் கதவுக்குப் பீடிங் போட்டதற்குக் காரணம் இதுதான். ஈரம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் உள்ள ரப்பரை மாற்றியிருக்கிறார்கள். சமவெளியில் அந்தக் கணக்கு ஓரளவு சரி வரலாம். எங்கள் ஊரில் வராது. மலையில் வண்டி ஒழுகினால், அது இரவெல்லாம் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பதுதான் நான் இப்போது முதலில் கேட்கும் கேள்வி.

கண்ணாடியைக் கழற்றியதும்

பழைய ரப்பர் கல்லாகியிருந்தது. கல்லான ரப்பரோடு கண்ணாடியை உள்ளேயிருந்து காலால் தள்ளிக் கழற்றப் பார்ப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்யவே கூடாது. இந்த வண்டியில் இருந்தது டஃபன்ட் கண்ணாடி. அதன் ஓரத்தில் ஓர் அடி பட்டால் முழுக் கண்ணாடியும் ஒரே நொடியில் கல்கண்டாக உதிர்ந்துவிடும். வெளிப்பக்க உதட்டைச் சுற்றிலும் பிளேடால் சீவி எடுத்துவிட்டால் கண்ணாடி தானாகவே முன்னால் வந்துவிடும். புதுப் பீடிங் போடப் போகிறோம், பழையதைக் காப்பாற்றுவதற்கு ஒன்றுமில்லை.

சீவும்போதே சிலிக்கோன் ரொட்டித் துண்டு மாதிரி பெயர்ந்து வந்தது. அதற்குக் கீழே துரு. வலது கீழ் மூலையில் தகட்டு விளிம்பில் என் சுண்டு விரல் நுழையும் ஓட்டை. அதைச் சுற்றி ஒரு சாண் நீளத்துக்குத் தகடு பிஸ்கட்டாகியிருந்தது.

கடையில் மலிவாகக் கிடைக்கும் குளியலறைச் சிலிக்கோனைப் பிதுக்கும்போது வினாகிரி வாசம் வரும். அந்த வாசம் சும்மா வருவதில்லை. காய்கிறபோது அது அசெற்றிக் அமிலத்தை வெளிவிடுகிறது. பெயின்ட் உரிந்த இரும்பின்மேல் அமிலம் பட்டால் என்னாகும்? துரு பிடிக்காத இடத்திலும் பிடிக்கும். அதோடு, ஏற்கெனவே உள்ளே போன தண்ணீர் வெளியே வர இருந்த இடுக்கையும் சிலிக்கோன் அடைத்துவிட்டது. தண்ணீர் ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவில் சிறைப்பட்டு, ஓட்டை வழியாக உள்ளே மட்டுமே போக முடிந்தது. தண்ணீர் கூடியதற்குக் காரணம் இதுதான். செய்தவர் நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார். ஆனால் கண்ணாடிப் பீடிங்குக்கு அந்தச் சிலிக்கோனைத் தொடவே வேண்டாம் என்று படிக்கிற எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

தகட்டு வேலை செய்யும் டிங்கர் பாஸ் வந்து பார்த்தார். வழக்கமாக ஒரு துண்டுத் தகட்டை மேலே வைத்து ஒட்டிவிடுவதுதான் சுலபமான வழி. இங்கே அது ஆகாது. கண்ணாடி ரப்பரில் இரண்டு பள்ளம் இருக்கும், ஒன்றில் கண்ணாடி உட்காரும், மற்றதில் வண்டியின் தகட்டு விளிம்பு உட்காரும். விளிம்பு ஓர் இடத்தில் இரட்டைத் தடிப்பானால் ரப்பர் அங்கே வாயைப் பிளக்கும், பிளந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் நுழையும். அதனால் உளுத்த பகுதியை முழுக்க வெட்டி எடுத்து, அதே வளைவில் புதுத் துண்டு அடித்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து மிக் வெல்டிங்கில் புள்ளி புள்ளியாகப் பிடித்து, கடைசியில் அரத்தால் ராவி மட்டமாக்கினார். அந்தச் சின்ன மூலைக்கு ஒன்றரை நாள் பிடித்தது. இந்த முழு வேலையில் காசு கொடுக்கத் தகுந்த இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கட்டலோய் என்கிற, பூசினால் இறுகும் பசையால் மூடியிருந்தால் ஒரு மணி நேர வேலை. கண்ணாடி ஏறி உட்கார்ந்து, வண்டி கினிகத்தேனை வளைவுகளில் இரண்டு தடவை குலுங்கினால் கட்டலோய் வெடித்துவிடும்.

அப்புறம் துருவை மாற்றும் பொஸ்பரிக் அமிலக் கரைசல், எபொக்சி பிரைமர், பெயின்ட். கொழும்பில் இரண்டு நாளில் இறுகுகிற பிரைமர் எங்கள் குளிரிலும் ஈரக் காற்றிலும் ஐந்தாம் நாள் வரை விரலில் ஒட்டியது. அவசரப்பட்டு ரப்பரை ஏற்றியிருந்தால் கயிறு இழுக்கும்போதே பெயின்ட் கூடவே உரிந்து வந்திருக்கும். பிரைமரைக் குறை சொல்லி ஒன்றுமில்லை. மலையில் வேலை செய்பவன் டின்னில் எழுதியிருக்கிற நேரத்தை அப்படியே நம்பக் கூடாது.

எந்த ரப்பர்

என் அம்மா யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். விடியுமுன்னே பால் வெட்டப் போன கதையெல்லாம் கேட்டு வளர்ந்தவன் நான். 1876இல் பிரேசில் விதையில் முளைத்த கன்றுகள் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து நம் ஹெனரத்கொடைத் தாவரவியல் தோட்டத்துக்கு வந்து வேர்விட்ட பிறகுதான் ஆசியாவில் ரப்பர்த் தொழிலே எழும்பியது. ஆகையால் இயற்கை ரப்பரைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. டயருக்கு அது வேண்டும். இன்ஜின் மவுன்டிங்குக்கு அதைப்போல வேறில்லை. வெயிலிலும் காற்றிலும் இழுபட்டு நிற்கிற பீடிங்குக்கு மட்டும் அது சரிவராது.

காரணம் அதன் உடலமைப்பு. இயற்கை ரப்பரின் நீண்ட சங்கிலியில் வழிநெடுக இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. காற்றில் மிகக் கொஞ்சமாக இருக்கும் ஓசோன் அந்தப் பிணைப்புகளைத் தேடி வெட்டும். ரப்பர் வளைந்தோ இழுபட்டோ இருக்கும் இடத்தில் இழுவைக்குக் குறுக்காக நெல் கீறல் மாதிரி வெடிப்புகள் விழும். பழைய வண்டியின் பீடிங்கைக் கண்ணாடி மூலையில் உற்றுப் பாருங்கள், நேரான பகுதி நன்றாக இருக்கும், வளைவில் மட்டும் வெடித்திருக்கும். ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பரின் முதுகெலும்புச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு கிடையாது. ஓசோனுக்கு வெட்ட இடமில்லை. இன்றைய கார்களின் கதவுப் பீடிங் பெரும்பாலும் அதுதான்.

மலைநாட்டில் மழைதான் ரப்பரைக் கெடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். வெயிலும் அதே அளவுக்குக் கெடுக்கும். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் புற ஊதாக் கதிரின் வலு சுமார் 10 சதவீதம் கூடுகிறது, நுவரெலியா 1,868 மீட்டரில் இருக்கிறது. குளிராக இருப்பதால் வெயில் உறைப்பது நமக்குத் தெரிவதில்லை. ரப்பருக்குத் தெரியும்.

கொழும்பில் வண்டிப் பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் நான்கு கடை ஏறி இறங்கினேன். மைனருக்கென்றே வந்த கண்ணாடிப் பீடிங் என்று ஒருவர் காட்டியதை வளைத்துப் பார்த்தேன். பள்ளத்தின் ஆழம் போதவில்லை. இன்னொன்று நன்றாக இருந்தது, ஆனால் எந்த ரப்பர் என்று கடைக்காரருக்கே சொல்லத் தெரியவில்லை. கடைசியில் இங்கிலாந்தில் இருக்கும் டீச்சரின் உறவினர் ஒருவர் லீவில் வரும்போது முன் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் ஈபிடிஎம் பீடிங் கொண்டுவந்து கொடுத்தார். மைனர் 1948 முதல் 1971 வரை தயாரானது, பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார். அதனால் இன்றைக்கும் அங்கே அதற்குப் பாகம் செய்கிறார்கள். ஆனால் வாங்கும்போது ஆண்டைக் கவனிக்க வேண்டும். 1956க்கு முந்திய மைனரின் முன் கண்ணாடி நடுவில் பிரிந்த இரண்டு துண்டு. அதற்குப் பிறகு வந்த மைனர் 1000இல் ஒரே வளைந்த கண்ணாடி. ஒன்றின் ரப்பர் மற்றதற்குச் சேராது.

கதவுக்கு வேண்டிய ஸ்பொஞ்ச் பீடிங்கைப் பஞ்சிகாவத்தையிலேயே மீட்டர் கணக்கில் வாங்கினேன். அதில்தான் தவறினேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கயிறு

கண்ணாடி ஏற்றும் நாள் மழை இல்லாத காலையாகப் பார்த்தோம். ரப்பரை முந்தின நாளே வெந்நீரில் ஊறப்போட்டு மடிப்பு நிமிர்த்தி வைத்திருந்தோம். குளிரில் ஈபிடிஎம் கூட முறைத்துக்கொண்டு நிற்கும்.

முதலில் ரப்பரைக் கண்ணாடியில் பூட்ட வேண்டும். ரப்பரின் இரண்டு முனையும் சேரும் மூட்டை நான் எப்போதும் மேலே நடுவில் வைப்பேன். கீழே வைத்தால் பள்ளத்தில் நிற்கிற தண்ணீர் இரவு பகலாக மூட்டையே தட்டிக்கொண்டிருக்கும். ரப்பரை இழுத்துப் பூட்டக் கூடாது, மூலைகளில் கொஞ்சம் தள்ளி நெருக்கிக் கொடுக்க வேண்டும். இழுத்துப் பூட்டிய ரப்பர் சில மாதத்தில் சுருங்கி மூட்டைப் பிளந்துவிடும்.

பிறகு தகடு உட்காரும் உட்புறப் பள்ளத்தில் ஐந்து மில்லிமீட்டர் நைலோன் கயிற்றைச் சுற்றிலும் பதித்தோம். இரண்டு முனையும் கீழே நடுவில் ஒரு சாண் அளவுக்கு ஒன்றையொன்று தாண்டித் தொங்க வேண்டும். பள்ளம் முழுக்கச் சவர்க்காரத் தண்ணீர். எண்ணெயோ கிரீஸோ போடுபவர்களைக் கண்டால் தடுத்துவிடுங்கள். பெற்றோலியத்தில் இருந்து வந்த எண்ணெய் எதுவானாலும் ஈபிடிஎம்மை ஊதவைத்துக் கெடுக்கும்.

கண்ணாடியை இரண்டு பேர் வெளியே தூக்கி விளிம்பில் சாய்த்துப் பிடிக்க, நான் உள்ளே உட்கார்ந்து கயிற்றின் ஒரு முனையை இழுத்தேன். கயிறு வரும்போது ரப்பரின் உள் உதட்டைத் தூக்கித் தகட்டுக்கு மேலே போட்டுக்கொண்டே வரும். கயிற்றைக் கண்ணாடியின் நடுவை நோக்கி, செங்குத்தாக இழுக்க வேண்டும். ஓரமாக இழுத்தால் உதடு கிழியும். நான் கயிறு இழுக்கும் அதே இடத்தில் வெளியே நிற்பவர் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே வர வேண்டும். அந்தத் தட்டலின் சத்தம் மாறுவதைக் கேட்கலாம். உட்காராத இடத்தில் 'பட்பட்' என்று வெறுமையாகக் கேட்கும், உட்கார்ந்த இடத்தில் 'தொம்' என்று கனமாகக் கேட்கும். கீழ்ப்பக்கம் முடித்து, இரண்டு பக்கமும் ஏறி, கடைசியில் மேல் நடுவில் கயிறு கையோடு வந்து விழுந்தபோது எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம்.

பிறகுதான் ரப்பருக்கும் தகட்டுக்கும் இடையில் இறுகாத மாஸ்டிக். அது எப்போதும் களிமண் மாதிரி மெதுவாகவே இருக்கும். வண்டி முறுகும்போது கூடவே நெளிந்து கொடுக்கும். பின் கண்ணாடியும் இதே வழியில் அரை நாளில் முடிந்தது.

கதவுகளும் என் பிழையும்

கதவுப் பீடிங் சுலபம் என்று நினைத்ததுதான் பிழை. கடையில் இருந்ததில் தடித்ததை வாங்கினேன். தடிப்பாக இருந்தால் நன்றாக அடைக்கும் என்று ஓர் எண்ணம். ஒட்டி முடித்து முன் கதவைச் சாத்தினால் பூட்டவில்லை. தோளைக் கொடுத்து அடித்தால்தான் பூட்டியது. வெளியே வந்து பார்த்தால் கதவின் மேல் பிரேம் வண்டியை விட்டு விலகி நிற்கிறது. கீல் பக்கத்தில் தடித்த ரப்பர் ஆப்பு வைத்த மாதிரி கதவைத் தள்ள, மறுபக்க மேல் மூலை பிளந்துகொண்டது. முன்பு சின்னக் கசிவு இருந்த இடத்தில் இப்போது வெளிச்சமே தெரிந்தது.

அது ஒரு பிழை. இரண்டாவதை மறுநாள் காலை பார்த்தேன். முந்தின நாள் மாலை மூன்று மணிக்கு மேல் மூட்டம் இறங்கிய நேரத்தில் ஒட்டிய பீடிங் எல்லாம் இடியாப்பம் மாதிரி தொங்கியது. தகட்டிலும் ரப்பரிலும் பூசி, காயவிட்டு ஒட்டுகிற அந்தப் பசையில் இருக்கும் கரைப்பான் ஆவியாகிப் போகும்போது பசையின் மேற்பரப்பைக் குளிரவைக்கும். காற்றில் ஈரம் நிறைய இருந்தால் அந்தக் குளிர்ந்த பசையின்மேல் பனி மாதிரி தண்ணீர் படிந்துவிடும். கண்ணுக்கு லேசாக வெளிறித் தெரியும். அந்த நிலையில் இரண்டையும் சேர்த்தால் பசையும் பசையும் பிடிப்பதில்லை, நடுவில் தண்ணீர்ப் படலம். இத்தனை வருட வேலையில் இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. டீச்சருக்குச் சொன்ன நாள் நெருங்குகிறதே என்று அவசரப்பட்டேன்.

எல்லாவற்றையும் உரித்துத் தின்னரால் துடைத்தோம். இந்த முறை இடைவெளியை அளந்த பிறகுதான் ரப்பர். சின்னப் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை வாங்கி நெல்லிக்காய் அளவு உருண்டைகளாக உருட்டி, மேலே மெல்லிய பொலித்தீன் சுற்றி, கதவு விளிம்பில் ஒரு சாணுக்கு ஒன்றாக ஒட்டினோம். கதவை மெதுவாகச் சாத்தித் திறந்தால், ஒவ்வோர் உருண்டையும் அந்த இடத்து இடைவெளி அளவுக்கு நசுங்கியிருக்கும். வேர்னியரால் அளந்தோம். வலது முன் கதவில் கீல் பக்கம் 7 மில்லிமீட்டர், பூட்டுப் பக்கம் கீழே 9, மேல் மூலையில் 14. ஒரே கதவில் ஒன்றுக்கு இரண்டு வித்தியாசம். இதற்கு எந்த ரப்பர் வாங்கினாலும் சரிவராது. கதவு தொங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

கீல் ஊசி தேய்ந்திருந்தது. புது ஊசி கடைந்து போட்டு, கதவைத் தூக்கி நிறுத்தி, பூட்டு விழும் தகட்டையும் கொஞ்சம் உள்ளே தள்ளிய பிறகு மேல் மூலை 10க்கு வந்தது. இப்போது 14 மில்லிமீட்டர் ஸ்பொஞ்ச் போட்டால் பூட்டுப் பக்கம் மூன்றில் ஒரு பங்கு நசுங்கும், கீல் பக்கம் பாதி நசுங்கும். அதற்கு மேல் நசுங்கினால் ஸ்பொஞ்ச் சீக்கிரம் செத்துப் போகும், மீண்டு எழும்பாது.

பசை வேலையைக் காலை ஒன்பதிலிருந்து பகல் ஒரு மணி வரை மட்டும் வைத்துக்கொண்டோம். தலை காயவைக்கும் டிரையரால் தகட்டைச் சூடாக்கி, கையைப் புறங்கையாக வைத்தால் இளஞ்சூடு தெரிகிற அளவில் பூசினோம். இந்தத் தடவை பிடித்தது.

கதவைப் பற்றி இன்னொன்று. ஷட்டருக்கு வெளியே இருக்கிற பீடிங் தண்ணீரை முழுக்கத் தடுக்கும் என்று நினைக்க வேண்டாம். கண்ணாடியோடு வழிகிற தண்ணீரில் ஒரு பங்கு கதவுக்குள்ளே போகத்தான் செய்யும். அதற்காகத்தான் கதவின் அடியில் துளைகள் வைத்திருக்கிறார்கள். இந்த வண்டியின் நான்கு கதவிலும் அந்தத் துளைகளைச் சேறும் சருகும் அடைத்திருந்தன. ஒரு கதவில், பெயின்ட் அடித்தவர் அண்டர்கோட்டாலேயே மூடிவிட்டிருந்தார். குத்தித் திறந்ததும் அந்தக் கதவிலிருந்து கறுப்பாக அரைக் கோப்பைத் தண்ணீர் வந்தது. மழை நின்று இரண்டு நாள் ஆகியிருந்தது.

டிக்கிப் பீடிங்கை மாற்றியதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஓட்டுநர் காலடியில் தரைக்குக் கீழே இருக்கும் பிரேக் மாஸ்டர் சிலிண்டரின் மூடித் தகட்டைத் திறந்து பார்த்தோம், அந்த வண்டியில் அது சட்டத்துக்குள்ளே உட்கார்ந்திருக்கும். திருகாணிகள் துருவேறி இறுகியிருந்தன, உள்ளே நல்ல காலமாகச் சேதமில்லை. தண்ணீர் இன்னும் ஒரு வருடம் அங்கே நின்றிருந்தால் விஷயம் பீடிங்கோடு முடிந்திருக்காது.

சோதனையும் அடுத்த மழைக்காலமும்

கார்ப்பெட் போடாமலே மூன்று சோதனை வைத்தோம். கதவு ரப்பரில் சோக் தடவிச் சாத்தித் திறந்து, எதிர்ப்பக்கத் தகட்டில் வெள்ளைக் கோடு விடுபடாமல் விழுகிறதா என்று பார்த்தோம். இருபது ரூபாய் நோட்டை இடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பார்த்தோம். எல்லா இடத்திலும் ஒரே இறுக்கம் வேண்டும். கடைசியாகத் தண்ணீர்க் குழாய், மட்டத்தில் ஒரு தடவை, மூக்கு மேலே ஒரு தடவை, மூக்கு கீழே ஒரு தடவை. பவுடரில் கோடு விழவில்லை. இடது பின் கதவின் மேல் மூலையில் மட்டும் வியர்வை மாதிரி லேசான ஈரம்.

பழைய சணல் விரிப்பை எறிந்துவிட்டோம். அதற்குப் பதிலாகத் தண்ணீர் உறிஞ்சாத ஃபோம் விரிப்பு போட்டுக் கொடுத்தேன். வீட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைக்காதீர்கள், ஈரம் அடைந்து நிற்கும், கூரை மட்டும் இருந்தால் போதும் என்று டீச்சரிடம் சொன்னேன். மாதம் ஒரு தடவை ரப்பரைச் சவர்க்காரத் தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் சிலிக்கோன் கிரீஸை விரல் நுனியில் எடுத்துத் தடவச் சொன்னேன். இது வேறு பொருள், வினாகிரி வாசமடிக்கும் அந்தச் சிலிக்கோன் கிடையாது என்பதை டப்பாவைக் காட்டியே விளக்கினேன். கார்ப்பெட்டுக்கு அடியில் நான்கு மூலையிலும் பழைய பத்திரிகைத் தாள் மடித்து வைத்து, மழை பெய்த மறுநாள் எடுத்துப் பார்க்கச் சொன்னேன்.

தை மாதத்தில் டீச்சர் பதுளைக்கு ஒரு கலியாணத்துக்குப் போய் வந்தார். அந்தப் பக்கம் வடகீழ்ப் பருவ மழைக் காலம் அது. தாள் நான்கும் காய்ந்திருந்தன. உண்மையான பரீட்சை அடுத்த ஆனியில் வந்தது. வட்டவளையிலும் கினிகத்தேனையிலும் மூன்று நாள் விடாமல் கொட்டிய நேரத்தில் அம்மாவை அவிசாவளை வரை கொண்டுபோய்த் திரும்பியிருக்கிறார். வரும் வழியில் கராஜில் நிறுத்தி, தாள்களை எடுத்து என் கையிலேயே தந்தார். மூன்று தாள் மொறமொறவென்று இருந்தது. இடது பின் கதவுப் பக்கத்துத் தாளின் ஒரு மூலை மட்டும் நனைந்து ஊதியிருந்தது.

அம்மா பின் சீட்டிலேயே இருந்தார். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, காலுறையோடு இரண்டு காலையும் கார்ப்பெட்டில் நீட்டியிருந்தார்.

"இந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் ஈரமா இருக்கு தம்பி," என்று இடது கதவைக் காட்டினார்.

அந்தக் கதவின் கீலையும் களிமண் உருண்டை வைத்து அளந்தேன். மேல் மூலையில் 12. அன்று கடைசல் பட்டறை பூட்டிக் கிடந்ததால் ஊசி கடைய முடியவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, மூட்டம் இறங்குமுன், அந்த ஒரு கதவு வேலைக்காக வரச் சொல்லியிருக்கிறேன்.